சுகன்யாவின் புடவை

"ஓனர் சம்பந்தம் சார் கேட்டாரா? இன்னாடா சொன்ன?" என்று தமிழ்செல்வனைக் கேட்டான் பிரபாகரன்.

"சுகன்யா நைட் டூட்டி முடிச்சிட்டு தூங்கிகினு இருக்குதுன்னேன்."

சுகன்யா என்று ஒருத்தி கிடையவே கிடையாது. பேச்சிலருக்கு வீடு தரமாட்டேன் என்று சம்பந்தம் கறாராகச் சொன்னபோது, பிரபாகரன் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்ட பொய் அவள். வேலூரில் நர்ஸ். தமிழ்செல்வனின் மனைவி. பிரபாகரன் அவளுக்கு அண்ணன்.

இந்த மாடி அறையும் போனால் போக்கிடம் இல்லை. இருவரும் வேலை பார்க்கும் செல்போன் கடை சாத்தும் நேரத்துக்கு, சொந்த ஊரான படவேட்டுக்குப் பஸ் கிடையாது.

பொய்க்கு ஆதாரம் வேண்டுமே! தமிழ்செல்வன் தன் அக்காவிடம் கெஞ்சி ஒரு புடவை வாங்கிவந்தான். தினமும் காலையில் நனைத்து, கொடியில் உலர்த்தினான். சாதாரணப் புடவையா? பட்டு! ஆரணியில் குடித்தனம் என்றால் ஒரு கெத்து வேண்டாமா என்பது பிரபாகரனின் மூளை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சம்பந்தத்தின் மனைவி கற்பகம் விறுவிறுவென்று மாடியேறினாள். கையில் அந்தப் பட்டு.

"பட்டு நெய்யுற தெருவுல, பட்ட நனைச்சி வெயில்ல போடுற பொம்பள எவ? சுகன்யாவ எழுப்பு, பாக்கலாம்."

"தங்கச்சிக்கு ஜுரம்..." என்று இழுத்தான் பிரபாகரன்.

"நேத்து டூட்டி, இன்னிக்கு ஜுரமா?"

தமிழ்செல்வன் காலில் விழாத குறை. "மன்னிச்சிடுங்கக்கா. அது எங்க அக்கா பொடவ. எங்க கேட்டும் வூடு கெடைக்கல. அதான்..."

கற்பகம் ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே இரண்டு நூல் புடவைகள்.

"என் தங்கச்சி குடுத்தது. இனிமே இத காயப்போடுங்க. பட்ட உங்க அக்காவுக்கே குடுத்துடு, பாவம். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாது. பேச்சிலர்னாலே அவருக்கு ஆவாது."

பையன்களுக்குப் போன உயிர் திரும்பியது. பாவம், மதியம் வரைதான்.

தறியைவிட்டு எழுந்த சம்பந்தம், சத்தமில்லாமல் மாடியேறி வந்து கதவைச் சாத்தினார். "சுகன்யா எங்க?" என்றார்.

பெட்டி கட்டவேண்டியதுதான் என்று தமிழ்செல்வனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சம்பந்தம் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பெண்கள் போடும் செருப்பு. புத்தம் புதுசு.

"வாசல்ல பொம்பள செருப்பே இல்லாத குடித்தனம் எங்கனா உண்டா? இத வெளிய வுடுங்க தம்பி."

"சார்... உங்களுக்கு..."

"எனக்கு மொத நாளே தெரியும். பேச்சிலருக்குத் தரமாட்டேன்னு கறாரா சொன்னதே கற்பகத்துக்குப் பயந்துகினுதான். அவளுக்கு மட்டும் தெரியாம பாத்துக்குங்கப்பா!"