மரத்துப்போன சுண்டுவிரல்

புகழேந்தியின் சுண்டுவிரலுக்குக் கொஞ்ச நாளாக டீ கிளாஸின் சூடுகூட உறைக்கவில்லை. "முழங்கையில் நரம்பு நசுங்குகிறது. கையை ஊன்றாமல், மடக்கியே வைக்காமல் இருந்தால் அறுக்காமலே சரியாகிவிடும்" என்றார் டாக்டர். தலையாட்டிவிட்டு வந்த புகழேந்தி, விரலுக்குத் தைலம் தேய்த்தார். தேய்த்த கையோடு முழங்கையை மேசையில் ஊன்றி, செல்போனைக் காதில் வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்களேன். உங்களுக்கு அடியிலதான் என் நரம்பு மாட்டியிருக்கு" என்று சுண்டுவிரல் முழங்கையிடம் கெஞ்சியது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்ற முழங்கை, இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டது.

தேக்கு மேசைதான் பரிவாகக் கேட்டது: "மரத்துப்போச்சா, தம்பி?"

"ஆமாண்ணே. பயமா இருக்கு."

"பயப்படாதே. நானும் மரம்தானே. முதல் அறுப்பு மட்டும்தான் வலிக்கும்."