மேசை நடுவே ஒரு மீன்

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் மாரக்காள் எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"என்னட்டி, முள்ளு குத்திட்டோ?" என்றாள் ஜாக்குலின்.

"இல்ல..."

"அப்ப உக்காரு பிள்ள. சப்ளையர் பயந்துட்டாரு பாரு."

மாரக்காள் உட்கார்ந்தாள்.

திருப்பூரில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. ஓட்டல் அது. கடல் மீனுக்கென்றே பேர் வாங்கியது. வேலுமணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பனியன் எக்ஸ்போர்ட் ஆபீசில் தன் பக்கத்து மேசைக்காரிகள் இருவரையும் சனிக்கிழமை மத்தியானம் விருந்துக்கு இழுத்து வந்துவிட்டாள்.

மேசை நடுவே ஒரு நீளத் தட்டு. அதில் முழு வவ்வால் மீன் ஒன்று வறுபட்டுக் கிடந்தது. மூன்று பேரும் அதிலிருந்தே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"கெணத்துக் கெளுத்தியத் தவிர வேற மீனக் கண்டிருக்கியளாட்டி?" என்று தூத்துக்குடிக்காரி ஜாக்குலின் வம்பிழுத்தாள்.

மாரக்காளின் காதில் எதுவும் விழவில்லை.

வந்தவர் அப்புசாமி. அவள் ஊரின் பெரிய தோட்டக்காரர். அந்தத் தோட்டத்து ஓரக் குடிசையில்தான் மாரக்காளின் அப்பா நல்லான் குடியிருக்கிறார். அப்புசாமி வாசலில் அப்பா இன்றுவரை உட்கார்ந்ததில்லை. ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளர்.

பி.காம். முடித்து டவுன் ஹாஸ்டலுக்கு வந்த நாளிலிருந்து, யார் கேட்டாலும் 'அவிநாசிப் பக்கம்' என்பதோடு மாரக்காள் வாயை மூடிக்கொள்வாள். ஆபீசில் அதற்கு மேல் யாருக்கும் தெரியாது.

தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அந்த மூலை மேசைக்குப் போய்விட்டால் தேவலை.

"அட, மாமா!" வேலுமணி கையை ஆட்டினாள். "இங்க வாங்க மாமா!"

மாரக்காள் வேலுமணி பக்கம் திரும்பினாள்.

"உனக்குச் சொந்தமா?"

"எங்கம்மாவோட பெரியப்பா பையன். ரொம்பக் கண்டிப்பு. ஆனா தமாசான ஆளு."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மேசை போய்விடும். 'எங்கூட்டுப் பொண்ணு தட்டுல உன்ற மக கையை உடறாளாடா' என்று அப்பாவை நிறுத்திக் கேட்டால், குடிசையும் போய்விடும்.

"ஏங்கண்ணு, கல்யாணப் பொண்ணு இங்க என்ன பண்றே?" அப்புசாமி சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாப்பிள்ளைக்கு மீனே ஆகாதாமுங்க மாமா. அதான் இப்பவே தின்னு தீத்துக்கறேன். நீங்க தனியாவா வந்தீங்க?"

"மெசின் ஏஜெண்டு வரச் சொன்னான். ஆளையே காணோம்."

"அப்ப எங்ககூடவே சாப்பிடுங்க."

காலியாக இருந்தது மாரக்காளுக்குப் பக்கத்து நாற்காலிதான். உட்கார்ந்த பிறகுதான் அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"இவ மாரக்காளுங்க மாமா. சிப்மெண்ட் பேப்பரெல்லாம் இவதான் டைப் அடிக்கறா. உங்க அவிநாசிப் பக்கந்தான்."

"தெரியும். எங்கூருதான்."

"பாரு, சொல்லவே இல்ல இவ! யாரூட்டுப் புள்ளைங்க மாமா?"

மாரக்காள் மேசைக்கு அடியில் குனிந்தாள். கைப்பை எங்கே இருக்கிறது என்று துழாவினாள். எழுந்து ஓட வேண்டியதுதான்.

அப்புசாமி தண்ணீரை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"நம்ம தோட்டத்தப் பாத்துக்கறாருல்ல, அவரு புள்ள. எங்கூர்லயே மொத மொத பட்டம் வாங்குன பொண்ணு."

பாத்துக்கறாரு. அவரு. இருபத்து மூன்று வருசத்தில் அப்பாவைப் பற்றி அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை.

"மேனேஜர் மகளாக்கும்!" என்றாள் ஜாக்குலின். யாரும் மறுத்துப் பேசவில்லை.

"மீன எடுங்க மாமா." வேலுமணி தட்டை அவர் பக்கம் திருப்பினாள். மாரக்காள் பிய்த்துத் தின்ற பக்கம் அவருக்கு நேராக வந்து நின்றது.

அப்புசாமி நீட்டிய கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

"வே... வேற சொல்லலாமுங்க" என்று மாரக்காள் குழறினாள்.

"வேற எதுக்கு? இத்தாச்சோடு பெருசா மீன் கெடக்குது."

அவள் பிய்த்த இடத்திலேயே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்குது. நீயும் தின்னு கண்ணு."

மாரக்காளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுசரையா இத்தனை வருசமும் எமனாக நினைத்துப் பயந்தோம்! ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் நம்புவாரா?

சாப்பிட்டு முடிந்து, மற்ற இருவரும் வாசலில் பீடா வாங்க நின்றார்கள். மாரக்காள் கை கழுவும் இடத்தில் இருந்தாள். பக்கத்தில் அப்புசாமி வந்து நின்றார். முன்னும் பின்னும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு..."

"சாமி, நீங்க இன்னைக்குப் பண்ணுனத நான் உசுரு இருக்கற வரைக்கும் எல்லாருகிட்டயும்..."

"ஐயோ, அதையத்தான் சொல்ல வந்தேன்." கையில் இருந்த சோப்பை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பன்கிட்டக்கூட மூச்சு உட்டுறாத கண்ணு. உன்றகூட ஒரே தட்டுல கை வெச்சேன்னு ஊருக்குத் தெரிஞ்சுதுன்னா, என்னையும் கோயிலுக்கு வெளியவே நிறுத்திப்போடுவாங்க!"