பத்தெழுத்துச் சொல்

கடவுச்சொல் தவறு என்றது கம்ப்யூட்டர், மறுபடியும்.

நேற்று வரை பூனைக்குட்டி மாதிரிக் கிடந்த பெட்டி. காலையில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்ததிலிருந்து, முதலாளியையே நீ யார் என்று கேட்கிறது.

கல்லாவுக்கு எதிரே வாங்க வந்த அக்கா ஒருத்தி, தனக்குப் பிடித்த திரைச்சீலையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேரத்தில் புலி. பிறந்த வீடு பாத்திரக்கடை என்பதால் எங்கள் வித்தையெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வித்தை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சரக்கின் அடக்க விலையை விலைச்சீட்டின் மூலையில் எண்ணாக எழுதாமல் எழுத்தாக எழுதிவைப்போம். அதற்குப் பத்தெழுத்துச் சொல் ஒன்று உண்டு. எழுத்துக்கு ஓர் எண். சொல் தெரிந்தவனுக்கு அது விலை, தெரியாதவனுக்குக் கிறுக்கல்.

கடைக்குக் கடை சொல் வேறு. எங்கள் சொல், அப்பா கண்ணை மூடுமுன் என் காதில் மட்டும் சொன்னது. கம்ப்யூட்டருக்கும் அதையே வைத்திருந்தேன். இன்னொரு சொல்லை வீணாக்குவானேன்?

போனில் கம்ப்யூட்டர் மெக்கானிக் சிரித்தான். "அண்ணே, கீபோர்டு வேற பாஷைக்கு மாறியிருக்கும். மாத்திட்டு அடிங்க. பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும், அத அமுக்கிப் பிடிச்சா அடிச்ச எழுத்து தெரியும்."

தெரியுமா? பக்கத்தில் நின்ற சம்சாரத்தைச் சுவர்ப் பக்கம் திரும்பச் சொன்னேன்.

"உங்களோட குடும்பம் நடத்துறவ நான். என்னையே செவுத்தப் பாக்கச் சொல்றீங்களா?"

"வியாபாரத்துல ஏதுடி குடும்பம்? திரும்பு."

திரும்பினாள். அக்காவுக்கு என் கம்ப்யூட்டரின் முதுகுதான் தெரியும், கவலையில்லை.

பாஷையை மாற்றினேன். சொல்லை அடித்தேன். கண்ணை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, ஆற அமரச் சரிபார்த்தேன். பத்தும் பத்தரைமாற்று.

திறந்துகொண்டது!

வெற்றியோடு நிமிர்ந்தேன். அக்கா விலைச்சீட்டைத் திருப்பிவைத்து, விரலை மடக்கி மடக்கி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி தம்பி, பேரமே வேணாம். உங்களுக்கும் நஷ்டம் வரக்கூடாதுல்ல?" என்று ஒரு தொகை சொன்னாள்.

அடக்க விலை, பைசா பிசகாமல். அதன் மேல் தர்மத்துக்கு ஒரு டீக்காசு.

அவள் கண் போன இடத்தைக் கல்லா மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். வாங்குகிறவர்களுக்கு பில் தொகை தெரிவதற்காக அவர்கள் பக்கம் திருப்பிவைத்த சின்னத் திரை. இத்தனை நாளும் தொகையைத் தவிர வேறெதையும் காட்டியறியாத திரை.

அதில் இப்போது, என் கம்ப்யூட்டர் திரையில் அந்த நேரம் தெரிந்த அதே கல்யாணப் படத்தில், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

முதுகுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடியே சம்சாரம் கேட்டாள்.

"இப்பத் திரும்பலாமா?"