வைஃபை திருடன்

எங்கள் வைஃபையைத் திருடுவது மூன்றாம் மாடி கோஷ் பாபுதான் என்று கற்பூரம் அணைத்தே சத்தியம் செய்திருப்பேன்.

மாசம் இருபதாம் தேதி ஆவதற்குள் நெட் நொண்டியடிக்கும். ஆபீஸிலிருந்து வந்து காபியோடு சீரியலைப் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கும். இரண்டே பேர் இருக்கிற வீடு. இவ்வளவு நெட்டையும் யார்தான் தின்கிறார்கள்?

பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் என் வீட்டுக்காரர் வெங்கடநாராயணன் விடமாட்டார். புதுசாக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதாம். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் அத்தனை கப்பல் பெயரையும் விரல் நுனியில் வைத்திருந்த மனுஷன்! யாரோ உபயோகப்படுத்தினால் படுத்திவிட்டுப் போகட்டுமே என்று தர்மப்பிரபு மாதிரிப் பேச்சு வேறு.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் இன்றைக்கு மத்தியானம், பவானிபூர் பிராஞ்சில் டிபன் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, மஹிமாவிடம் என் போனைக் கொடுத்தேன். பேங்கில் புதிதாகச் சேர்ந்த பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழைவிடப் பெங்காலி நன்றாக வரும். போன் விஷயத்தில் புலி.

ஏதோ ஒரு ஆப்பை இறக்கினாள். இனிமேல் எங்கே உட்கார்ந்திருந்தாலும் வீட்டு நெட்டில் யார் யார் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கையிலேயே பார்க்கலாமாம். வேண்டாதவர்களை ஒரே தட்டில் துரத்தலாமாம்.

எனக்கு வாயெல்லாம் பல். மாட்டினார் கோஷ் பாபு!

பட்டியல் வந்தது. டிவி. அவருடைய போன். அதற்குக் கீழே, பச்சைப் புள்ளியோடு, இங்கிலீஷ் எழுத்தில் இன்னொரு பெயர்.

அம்மாஞ்சி.

கையில் எடுத்த தயிர்சாதத்தை டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அம்மாஞ்சி என்றால் கோஷ் பாபுவுக்கு என்ன தெரியும்? பெஹாலாவில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தில் வேறு யாருக்குத்தான் தெரியும்? என் பிள்ளை ஜெயந்த் பண்ணுகிற அசட்டுத்தனத்துக்கெல்லாம் நான்தான் அவனை அப்படிக் கூப்பிடுவேன். காலேஜ் சேர்ந்தபோது போன் வாங்கிக்கொடுத்தோம். என்னைச் சீண்டுவதற்காகவே போனுக்கு அந்தப் பெயரை வைத்தான்.

அவன் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் மூன்று மாசம் ஆகிறது.

எங்கே இருக்கிறானோ தெரியாது. நம்பரை மாற்றிவிட்டான். பூஜை சமயத்தில் பந்தல் பந்தலாகப் போய், துர்கையைப் பார்க்காமல் கூட்டத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவரிடம் பேச்செடுத்தால் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கல்நெஞ்சுக்காரர் என்று எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருப்பேன்!

மஹிமாவின் விரல் அந்தப் பெயரைத் துரத்தப் போனது. படீரென்று அவள் கையைத் தட்டிவிட்டேன். பதறிப்போய்விட்டாள், பாவம்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு தடவை சேர்ந்த வைஃபையைப் போன் மறக்காதாம். பாஸ்வேர்டு மாறாமல் இருந்தால், வீட்டுக்குள் வந்ததுமே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமாம்.

வைஃபை பெட்டியிலேயே பதிவாகியிருந்த பழைய நாட்களையும் எடுத்துக் காட்டினாள். செவ்வாய், வியாழன். செவ்வாய், வியாழன். காலை பதினொன்றிலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும். போன மாசமும் அப்படித்தான், அதற்கு முந்தின மாசமும் அப்படித்தான். ஜுரத்தில் நான் லீவு போட்டுப் படுத்திருந்த வாரம் மட்டும் காலி.

இன்றைக்கு வியாழன்.

என் வீட்டில்! நான் இல்லாத நேரமாகப் பார்த்து! இந்த மனுஷன் தினம் சாயங்காலம் கதவைத் திறந்து, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்பாரே, முகத்தில் ஏதாவது தெரிந்ததா? அடப்பாவி மனுஷா!

அவருக்குப் போன் போட்டேன். என்ன பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தூங்கிண்டிருந்தேன். ஏன்?"

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

கைக்குழந்தை. நடக்கக்கூட ஆரம்பித்திருக்காது. யாரோ அவசரமாக அதன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது.

பேரனா பேத்தியா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அவனைப் போக விடாதீங்கோ! இதோ டாக்ஸி பிடிச்சு வரேன்!"

பிராஞ்சே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தியிருக்கிறேன். போன் கட்டாகிவிட்டது.

எழுந்து நின்றேன். கைப்பை எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொடுத்த மஹிமா, என் கையில் இருந்த போனையே பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பச்சைப் புள்ளி போய்விட்டது.

பாவி, ஐந்து நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா? பேங்கில் அத்தனை பேர் பார்க்க நின்றபடியே அழுதேன்.

பிள்ளையைத் துரத்திவிட்டது அங்கிளா என்று மெதுவாகக் கேட்டாள் மஹிமா.

அவர் துரத்தவில்லை. ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஜெயந்த் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே வாங்கோ என்று இரண்டு பேரையும் கூப்பிட்டவரே அவர்தான். அவன் கூட்டிவந்த பெண் என் காலைத் தொட்டு ப்ரணாம் செய்யக் குனிந்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டவள் நான். இனிமேல் என் கண்ணில் படாதே என்று பெற்ற பிள்ளையிடம் சொன்னவளும் நான்தான்.

அவன் ஒருநாள்கூட அதை மீறவில்லை.