சம்மட்டிக் கூட்டாளி

பர்மா எண்ணெய்க் கிணற்றில் நான் ஓங்கிய சம்மட்டி, நைனா முகமது பிடித்திருந்த உளியை விட்டுவிட்டு அவன் சுண்டுவிரலை நசுக்கியது. என் சம்மட்டிக்கு இரும்பைக் கண்டால் பயம். அவனைச் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கப்பலேற்றி விட்டார்கள்.

ஒப்பந்தம் முடிந்து ராஜபாளையம் திரும்பிய நான், மன்னிப்புக் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

"வா மாப்ளே! கையில சம்மட்டி இல்லையே?"

"வெளையாடாதலே. உன் விரலை நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

"அது கெடக்கு. சாப்புட்டியா?"

"அங்க எல்லாவனும் என் பக்கத்துல நிக்கவே பயந்தான். நீ ஏம்ல மேஸ்திரிகிட்ட என்னையே கூட்டாளியாக் கேட்ட?"

நைனா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"அப்ப இவ தாய் வயித்துல இருந்தா. ஒப்பந்தம் முடியுமுன்ன காயம்பட்டவனைத்தான் ஊருக்கு விடுவாக. உளியை விட்டுட்டு விரல்ல அடிக்க உன்னை விட்டா வேற ஆளு ஏதுலே?"