ஏழாவது வயர்

"ஆறுதானே கணக்கு? இந்த ஏழாவது வயர் எங்கேப்பா போறது?"

சங்கரன் சார் சுவரோரம் குனிந்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். சிவப்பு லைட்டுக்கு நாலு. சைரனுக்கு ஒன்று. கதவு திறந்தால் சைரனை எழுப்பிவிடும் சென்சாருக்கு ஒன்று. அதற்கு மேலும் ஒரு வயர். ஸ்டூலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக ஒரு சுவிட்சில் தொடங்கி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே நழுவியிருந்தது.

வயரிங் செய்த ஸ்டெர்லின் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அனிஷா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஹெல்பர் லீவு என்று கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, தாராவியிலிருந்து புருஷனோடு அவளே வந்திருந்தாள்.

சார் இருப்பது மாதுங்காவில். சனி ஞாயிறு மட்டும் மனைவி வாலாம்பாள் மாமியோடு கர்ஜத் பக்கம் இந்த வீட்டுக்கு வருவார். வீட்டுக்குப் பின்னால், தோட்டத்துக் கடைசியில், கூரையைத் தள்ளித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன அறை. உள்ளே ஆளுயர டெலஸ்கோப். போன மழைக்காலத்தில் யாரோ பூட்டை உடைக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குத்தான் லைட்டும் சைரனும்.

வாட்ச்மேனிடம் வீட்டுச் சாவியும் சேர்த்து வாங்கி, சாரும் மாமியும் இல்லாத மூன்று நாள் வேலை செய்திருந்தான் ஸ்டெர்லின். வெள்ளை வெளிச்சம் பட்டுவிட்டால், கண் மறுபடி இருட்டுக்குப் பழகி நட்சத்திரம் தெரிய அரை மணி ஆகுமாம். அதனால் முழங்கால் உயரத்தில், தரையைப் பார்த்துக் கவிழ்ந்த சிவப்பு லைட்டுகள். சைரனைப் போட்டுக் காட்டியபோது மாமரத்துக் காக்காயெல்லாம் பறந்து போயின.

"பலே!" என்று சார் ஸ்டெர்லின் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு தன் முதுகிலேயே விழுந்த மாதிரி பூரித்துப்போனாள் அனிஷா.

அது பத்து நிமிஷத்துக்கு முன்னால்.

"கேக்கறேனே, சொல்லேன்! தரையிலே எவனாவது சுவிட்ச் வைப்பானா? வெளியிலேர்ந்து சைரனை அணைக்கத்தானே இந்த வயர்? பக்கா சோர் வேலை, திருட்டு வேலை! தாராவி ஆளா, பாத்துக்கோங்கோன்னு எங்க பில்டிங்ல அப்பவே சொன்னா."

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"பின்னே எப்படி?"

ஸ்டெர்லின் நிமிர்ந்து, வாசலில் நின்ற வாலாம்பாள் மாமியை ஒரு தரம் பார்த்தான். மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி. நாளைக்கே சொல்லிடறேன். மாதுங்காவிலே ஒரு பில்டிங் வாட்ச்மேன் உன்னை உள்ளே விடமாட்டான்."

மாதுங்கா வேலை போனால் அடுப்பு எரியாது. பேசுங்களேன் என்று அனிஷா புருஷன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவன் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டான்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் அனிஷா பேச மாட்டாள். அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"வயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க சார். திருட்டு வழின்னா போலீசைக் கூப்பிடுங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

சார் வலது காலை இழுத்தபடியே வேகமாகக் கிளம்பினார்; மாமியும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். வயர் வேலியோரமாகப் போனது. வாழைமரத்தைச் சுற்றியது. துணி துவைக்கிற கல்லுக்கு மேலே ஏறி, வீட்டுக்குள் புகுந்தது. மாமியின் கட்டில் தலைமாட்டில் போய் நின்றது.

அங்கே ஒரு குட்டி காலிங் பெல்.

"பெல்லா? இது எதுக்கு?"

மாமி பெல்லைப் பார்த்தாள். சாரின் வலது காலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நான்தான்னா போடச் சொன்னேன். அங்கே உக்காந்துண்டு காப்பி காப்பின்னு எத்தனை தரம் கத்தறேள்! இனிமே ஒரு அமுக்கு அமுக்குங்கோ, ஃப்ளாஸ்கோட வந்து நிப்பேன்."

சாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "முன்னாடியே சொல்லப்படாதாப்பா? மனசிலே வச்சுக்காதே" என்று ஸ்டெர்லின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது லோக்கல் ட்ரெயினில் குழந்தை தூங்கியதும் அனிஷா ஆரம்பித்தாள்.

"காப்பி பெல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லுததுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?"

"அது காப்பிக்கு இல்லட்டி." ஸ்டெர்லின் குரலைத் தாழ்த்தினான். "மொத நாள் அந்த ரூமைக் கூட்டும்போது பாயை நவுத்துனேன். அடியில காஞ்ச ரத்தம். அலமாரிக்குப் பின்னால உடைஞ்ச மூக்குக்கண்ணாடி, துணியில சுத்தி ஒளிச்சு வச்சிருக்கு. மனுசன் இருட்டுல விழுந்திருக்காரு. இன்னைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாரு, பாத்தியா? அங்க கெடந்து கத்துனா வீட்டுக்குக் கேக்காது. அதான் விழுந்தவரு கைக்கு எட்டுத மாதிரி கீழ சுவிட்சு வச்சேன். சார்கிட்டத் தனியாச் சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள எண்ணிப்புட்டாரு."

"அதை அங்கயே சொல்ல வேண்டியதுதான?"

"மாமி முன்னாலயா? அவுகளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான ஒளிச்சிருக்காரு. தெரிஞ்சா அப்புறம் அவரை அந்த ரூம் பக்கம் விடுவாகளா?"

ஏச்சு வாங்கியும் அடுத்தவர் மானத்தை விட்டுக்கொடுக்காத ஆளுக்கு வாக்கப்பட்டிருக்கிறோம்! எதிர் சீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு, இவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது அனிஷாவுக்கு.

"அப்ப மாமி காப்பிக்குன்னு நெனச்சுத்தான் உங்களைப் போடச் சொன்னாகளாக்கும்?"

ஸ்டெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமி எங்கட்டி சொன்னாக? அவுக அந்த பெல்லைப் பாத்ததே இன்னைக்குத்தான்."