அட்டை மேயர்

"படத்துலேருந்து மேயரை எடுத்துடு, எர்சீலியா. இது உத்தரவு."

"நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க, பௌஸ்தீனோ ஐயா."

புவனோஸ் அயர்ஸின் அந்த மொட்டை மாடியில், வெயில் விழும் மேசைமேல் அட்டை மேயர் மல்லாந்து கிடந்தார். அவருடைய கைகால்களை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் கேமராவில் பிடித்து, அவர் நகரத்தையே விழுங்குவதாகப் படம் பண்ணிக்கொண்டிருந்தாள் எர்சீலியா. ஞாயிறு தேர்தல். சனிக்கிழமை படம் திரையில் ஓட வேண்டும். முடிவுக் காட்சி மட்டும் பாக்கி.

தணிக்கை அதிகாரி பௌஸ்தீனோ சட்டைக் கையை மடித்துவிட்டு, சிங்கத் தலை மோதிரம் மின்னக் கையை நீட்டினார்.

"முதல்ல தொப்பியைக் கழட்டுங்க. அப்பத்தான் தலை வரும்" என்றாள் எர்சீலியா.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

தொப்பி போனது. தலை போனது. தொப்பை இரண்டாகக் கிழிந்தது.

"மெதுவா, ஐயா. கிழிக்கிறதுலயாவது மேயருக்கு மரியாதை வேணாமா?" என்றான், ஏணிமேல் உட்கார்ந்திருந்த அவள் தம்பி நசரேனோ.

துண்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு அதிகாரி படியிறங்கினார்.

சனிக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. மேயர் நகரத்தை விழுங்கி ஏப்பம் விட்டார். அப்போது வானத்திலிருந்து ராட்சதக் கை ஒன்று இறங்கியது. தொப்பியைப் பிடுங்கி, தலையைப் பிய்த்து, தொப்பையைக் கிழித்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதிகாரி மேயரைக் கிழித்த அன்று ஏணிமேல் இருந்த நசரேனோ, மேசையைப் பார்த்துக் கவிழ்ந்திருந்த கேமராவின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தவே இல்லை.

வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் புதைத்தபடி பௌஸ்தீனோ அரங்கில் எர்சீலியாவின் பக்கம் குனிந்தார்.

"எர்சீலியாம்மா, அடுத்த ஷோவுக்குள்ள அந்த மோதிரத்தை மட்டுமாவது மறைச்சிடும்மா."